போடாத ஊசி

— அங்கயே நில்லுக்கா. உள்ள ஒரு ஆளைத்தான் விடுவாங்க.

— நான் என்ன பிள்ளையத் தூக்கவா வந்தேன்? ஒரு கண்ணு பாத்துட்டுப் போயிடுறேன்டி.

— கண்ணாடி வழியா பாரு. ஜன்னலோரத் தொட்டில். மஞ்சத் துண்டு போத்தியிருக்கு பாரு, அவதான்.

— ஐயோ... மூக்குல என்னடி ரெண்டு குழாய்?

— ஒண்ணு ஆக்சிஜன். இன்னொண்ணு பாலுக்கு. அவளால உறிஞ்ச முடியலக்கா. ரெண்டு மடக்கு குடிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்குது, வாயை எடுத்துடுறா. அதான் பாலைப் பீச்சிக் குடுக்கச் சொல்லி குழாய்ல ஊத்துறாங்க.

— நெஞ்சு எப்படிக் குழி விழுது பாரு.

— இன்னிக்குத் தேவலை. முந்தாநாள் நீ பாத்திருக்கணும். விலா எலும்பு ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரிஞ்சுது. உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. அவரு ஆட்டோவுல அவளை மடியில வெச்சுக்கிட்டு, "அழுடா தங்கம், ஒரு தடவை அழுடா"ன்னு கெஞ்சிக்கிட்டே வந்தாரு.

— நீ போன் பண்ணினப்ப நான்தான்...

— "சளி பிடிக்காத பிள்ளை எந்த வீட்டுல இருக்கு, சும்மா பதறாத"ன்ன.

— ஆமா. சொன்னேன்.

— ஏம்மா, நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?

— என் அக்கா, சிஸ்டர். இப்பதான் வந்தாங்க.

— முகமூடியை மூக்குக்கு மேல ஏத்துங்கம்மா. தாடைக்கா போட்டிருக்கீங்க? கை கழுவினீங்களா?

— கழுவிட்டேன். நானும் கிளினிக்லதான் வேலை பாக்குறேன்.

— அட, அப்ப உங்களுக்கே எல்லாம் தெரியுமே. என்ன வேலை பாக்குறீங்க?

— டோக்கன் குடுப்பேன்.

— சரி சரி. ரொம்ப நேரம் நிக்காதீங்க, டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற நேரம். பாப்பா அம்மா, நீங்க ஏதாவது சாப்பிட்டு வாங்க. அப்புறம் பால் எடுக்கணும், வெறும் வயித்துல வராது.

— சரி சிஸ்டர்.

— போயிட்டாளா? ஏன்டி என்னை அப்படிப் பாத்துட்டுப் போறா?

— எப்படியும் பாக்கலக்கா. அவங்க முகமே அப்படித்தான்.

— அவகிட்ட சொன்னியா?

— எதை?

— மாசமா இருந்தப்ப அந்த ஊசியைப் போட வேணாம்னு சொன்னது நான்தான்னு.

— சேக்கும்போது டாக்டர் கேட்டார். "எட்டாம் மாசம் வாக்குல ஒரு தடுப்பூசி சொல்லியிருப்பாங்களே, போட்டீங்களா?"ன்னு. இல்லைன்னேன். ஏன்னு கேட்டார். பயமா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்.

— என் பேரைச் சொல்லியிருக்கலாமே.

— என்னன்னு சொல்றது? "எங்க அக்கா டோக்கன் குடுக்குறாங்க, அவங்க வேணாம்னாங்க"ன்னா? வெக்கமா இருந்துச்சுக்கா. உன்னை நினைச்சு இல்ல, என்னை நினைச்சு.

— அந்த ஊசி போட்டிருந்தா இது வந்திருக்காதாமா?

— அடிச்சுச் சொல்ல முடியாதாம். வந்தாலும் இவ்வளவு முத்தியிருக்காதுன்னார். அம்மா உடம்புல உண்டாகுற எதிர்ப்புச் சக்தி வயித்துல இருக்கும்போதே பிள்ளைக்குப் போயிடுமாம். இந்த ஆர்.எஸ்.வி. கிருமி நமக்கெல்லாம் வந்தா வெறும் மூக்கொழுகல். இவ மாதிரி பிஞ்சுகளுக்குத்தான் நெஞ்சுக்குள்ள நூல் மாதிரி இருக்குற குழாயெல்லாம் வீங்கி அடைச்சுக்குதாம். நேரா அதைக் கொல்ல மருந்து கிடையாதாம். ஆக்சிஜனும் பாலும் குடுத்து, அதுவா அடங்குற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும்.

— அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்தப்ப நானும் தும்மிக்கிட்டுத்தான்டி இருந்தேன். கன்னத்துல வேற முத்தம் குடுத்தேன்.

— அதை விடு. அவ அப்பாவும்தான் இருமிக்கிட்டு இருந்தார். யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு எவரு கண்டா?

— பிறந்ததுக்கு அப்புறமும் ஏதோ கேட்டாங்களே?

— கேட்டாங்க. அம்மா போடலைன்னா பிள்ளைக்கே போடுற ஊசி ஒண்ணு இருக்குன்னாங்க. வீட்டுக்கு அனுப்பும்போது கேட்டாங்க. அப்பவும் உனக்குத்தானே போன் பண்ணினேன்.

— அடுப்புல குழம்பு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. காதுக்கும் தோளுக்கும் நடுவுல போனை இடுக்கிக்கிட்டே "பச்சை உடம்பு, அதெல்லாம் ஒண்ணும் வேணாம்"னேன். நீ மேற்கொண்டு ஏதோ கேக்க வந்த. "நான் சொல்றேன்ல"ன்னு வெச்சுட்டேன்.

— ஏன்க்கா அப்படிச் சொன்ன? சண்டைக்குக் கேக்கல. நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

— யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தாங்க. வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தன் பேசினான். கோட்டைப் பாத்து நம்பிட்டேன்.

— உங்க டாக்டரைக் கேட்டிருக்கலாமே?

— கேட்டிருக்கலாம். பக்கத்து ரூம்லதான்டி இருக்கார். கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவேன்? ஆனா குறைஞ்சுடுவேன்னுதான் தோணுச்சு. குடும்பத்துல எல்லாரும் "டாக்டரம்மா, டாக்டரம்மா"ன்னு என்னைக் கேக்குறாங்க. நான் போய் இன்னொருத்தர் முன்னாடி தெரியலைன்னு நிக்கிறதா? அந்தக் கொழுப்புதான். வேற ஒண்ணும் இல்ல.

— அழாத. முகமூடி நனைஞ்சா வேற மாத்தச் சொல்லுவாங்க.

— திட்டுடி என்னை. நாலு வார்த்தை திட்டிடு.

— திட்டத் தெம்பில்லக்கா. தூங்கி எழுந்து வந்து திட்டுறேன்.

— பிள்ளை... பொழச்சுக்குவாதானே?

— பயப்பட வேண்டிய கட்டம் தாண்டிடுச்சுன்னு காலையில டாக்டர் சொல்லிட்டார். ஆக்சிஜனைக் குறைச்சுக்கிட்டே வர்றாங்க. நாளைக்கு வாயால குடுத்துப் பாக்கலாம்னார்.

— அப்பாடா. இனிமே யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டேன்டி. வாயைத் தச்சுக்குறேன்.

— உன்னாலயா? நூல் பத்தாது.

— சிரிக்காத. என் மகளுக்கும் எட்டு மாசம் ஆயிடுச்சு. அவகிட்டயும் "அந்த ஊசி பக்கமே போகாத"ன்னு தலையில அடிச்சுச் சொல்லி வெச்சிருக்கேன். இங்கேருந்து நேரா அவ வீட்டுக்குப் போறேன். கையோட கூட்டிட்டுப் போய்ப் போட வெச்சுடுறேன். ஆனா எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவகிட்டப் பேசுறதுன்னுதான் தெரியல.

— போக வேணாம்க்கா.

— ஏன்? என் மேல இருக்குற கோவத்துல அப்படிச் சொல்றியா? அவ பிள்ளையும் இப்படிக் கிடக்கணுமா?

— ஐயோ, அது இல்ல. அவ ஏற்கனவே போட்டுக்கிட்டா.

— யாரு?

— உன் மகதான். புருஷனோட போய்ப் போட்டுக்கிட்டா. இவளுக்கு உடம்பு முடியாமப் போறதுக்கு முன்னாடியே. நேத்து எனக்குப் போன் பண்ணி ஒரே அழுகை. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சித்தி"ன்னா.

— என்கிட்ட தலையாட்டினாளே! "சரிம்மா, போடலம்மா"ன்னாளே!

— உன் முன்னாடி தலையாட்டுவாங்களாம். அப்புறம் வெளிய போய் டாக்டரைக் கேட்டுட்டு, அவர் சொன்னபடி செய்வாங்களாம். அவ மட்டும் இல்ல. மாமா, அண்ணன், அண்ணி, எல்லாரும் அப்படித்தானாம். ரொம்ப நாளாவே.

— எல்லாருமா?

— எல்லாரும்தான். நீ சொன்னதை நிஜம்னு நம்பினது நான் ஒருத்திதான்க்கா.