வேதக்கோயில் கதவைத் தூக்கியது பற்றி

எனது பெயர் தெபோராள், வயது பதினைந்து, தகப்பனார் பெயர் பால்பாண்டி. இராமநாதபுரம் மாவட்டம், அருப்புக்கோட்டை தாலுகா, திருச்சுழியை அடுத்த சீயோன்புரத்தில் குடியிருந்து பத்தாம் வகுப்பு படித்து வருகிறேன். கோயில் பூட்டை உடைத்துத் தானியம் திருடியதாக எங்கள் உபதேசியார் செல்லப்பாண்டியை ஸ்டேஷனில் வைத்திருப்பதால், என் தாயார் உடனிருக்க, நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் வேதக்கோயிலுக்கு ஐயர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற வாரங்களில் ஆராதனை நடத்துபவர் உபதேசியார். ஐயர் என்றால் எங்களில் குருவானவர். ஏட்டையா முதலில் பிராமணர் என்று எழுதி, நான் சொன்னபின் திருத்திக்கொண்டார்.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி தானியத்தைக் கோயிலுக்கென்று எடுத்துவைப்பது எங்கள் சபைப் பெண்களின் வழக்கம். கைப்பிடி அரிசி என்று பேர், விழுவது பெரும்பாலும் கம்புதான். அதைக் கோயிலில் இருக்கும் குலுக்கை என்ற தானியக் குதிரில் சேர்த்து அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுவார்கள். இந்த 1974ஆம் வருடம் மழையில்லாமல் கூலி வேலை நின்று, பக்கத்துத் தெருக்களில் அடுப்பு எரியாததால், அந்தக் கம்பைக் கஞ்சியாக ஊற்றலாமா என்று பெண்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேட்டோம். ஊழியம் சபையார் எல்லோருக்கும் உரியது, உங்களை அதற்குப் பழக்குவதே என் வேலை என்று உபதேசியார் சொன்னார். அதற்கு, கோயில் சாவி வைத்திருக்கும் சபை மூப்பர் சங்கையா எழுந்து, "ஊழியத்துக்குத்தான் உபதேசியார வச்சிருக்கு. நீங்க வந்தமா, ஜெபம் பண்ணுனமான்னு போங்க" என்றார். மறுநாள் கோயிலைப் பூட்டிச் சாவியோடு வீரசோழனுக்கு வியாபாரத்துக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு புதன்கிழமை காலையில் உபதேசியார் துக்க வீட்டு ஜெபத்துக்காக நரிக்குடி பஸ்ஸில் ஏறியதை நான் பார்த்தேன். அதன் பிறகு பக்கத்துத் தெரு கங்கம்மாள் தன் மகனைத் தோளில் போட்டு வந்து கோயில் வாசலில் உட்கார்ந்தார். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல. பையன் கண் திறக்கவில்லை. அவன் வாயோரத்தில் புளியங்கொட்டைத் தோல் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பெண்கள் கூடினோம். கடப்பாரை கொண்டுவந்தவர் மூப்பரின் மனைவி சௌந்தரம்.

நான், "மூப்பரு வந்தா சத்தம் போடுவாக, சித்தி" என்றேன்.

"போடட்டும்டி. பூட்டு அவுக பூட்டுனது. குலுக்கையில கெடக்கது என் கைக் கம்பு. படிச்ச புள்ள, நீயும் ஒரு மூலையப் பிடி."

பூட்டை யாரும் தொடவில்லை. ஒற்றைக் கதவு என்பதால், கதவு சுழலும் குடுமியைக் குழியிலிருந்து நெம்பித் தூக்கி, அந்தப் பக்கமாக உள்ளே போனோம். அதன் பிறகு கஞ்சி காய்ச்சி முதலில் அந்தப் பையனுக்கு ஊற்றினோம். இரண்டாம் கிண்ணத்தை அவனே கேட்டான். அதன் பிறகு மற்றவர்களுக்கும் ஊற்றிவிட்டு, கதவைப் பழையபடி மாட்டினோம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை உபதேசியாருக்கு இது எதுவும் தெரியாது.

எழுதியதை ஏட்டையா படித்துக் காட்டியபோது, 'உபதேசியார் தூண்டுதலின் பேரில்' என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை, அவர் செய்தது பிரசங்கம், கதவைத் தூக்கியது நாங்கள் என்றேன். ஏட்டையா அந்த வரியை அடித்தார். அடித்த இடத்திலும், மற்றதெல்லாம் நான் கண்டதும் செய்ததுமே என்பதற்கு அடையாளமாகக் கீழேயும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) பா. தெபோராள்