கிழக்குக் கரையில் புதர்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது: தேசத்தின் மேடுபள்ளங்களை இம்மி பிசகாமல் காகிதத்தில் இறக்கும் மகத்தான திருப்பணியில், சாத்தூர்ப் பக்கத்து ஓடைகளும் கருவேலங்காடும் என் கையால்தான் வரையப்பட்டன. ஐம்பத்தெட்டாம் வருஷம். விசாரணை அதிகாரி கேட்பதால் சொல்கிறேன். பெருமைக்காக அல்ல, கொஞ்சம் பெருமையும் உண்டு.

வேலை எளிது. முக்காலியில் பலகையை நிறுத்தி, கண்ணில் பட்டதை அங்கேயே வரைய வேண்டும். பார்க்காததை வரையக் கூடாது. அது சட்டம்.

சாப்பாடு ஊரிலேயே அதிக நிலமுள்ள பெரிய சம்சாரி கருப்பணன் வீட்டில். கோழிக் குழம்பு. ஊர்க் கண்மாய்க்குக் கிழக்கே காட்டுக்குள் அவருடைய கூலியாட்களின் தெரு இருந்தது. உள்ளே போனால்தான் வீடுகள் தெரியும்.

“தாராளமாப் போய்ட்டு வாங்க சார். பெறகு இங்கன இலை போட முடியாது. பொம்பளைக ஒத்துக்கிட மாட்டாக” என்றார் கருப்பணன்.

யோசித்தேன். குழம்பைப் பற்றியும் யோசித்தேன்.

அந்தத் தெருவிலிருந்து தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகும் செல்லத்தாய் வழியில் நின்றாள். “எங்க தெருவையும் போடுங்க சாமி. நாளைக்கு அங்கன ஆளே இல்லைன்னுட்டா?”

“பார்க்காமல் போட முடியாதம்மா.”

“பாக்க வாங்களேன். காலு தேஞ்சா போயிரும்?”

சட்டத்தை எடுத்துச் சொன்னேன். அந்த இடத்தில் புதர் வரைந்தேன். இலை இலையாக. மேலதிகாரி மெச்சினார்.

சில வருஷம் கழித்து ஐப்பசியில் மழை கொட்டி, கண்மாய் தளும்பியது. எங்கேயாவது கரையை வெட்டாவிட்டால் மேற்கே ஊரும் கருப்பணன் வயலும் போய்விடும். இஞ்சினியர் என்னை வரவழைத்து, என் படத்தை விரித்து, கிழக்கே விரல் வைத்தார்.

“இங்கே ஆள் உண்டா?”

கூட நின்ற கருப்பணன் என்னைப் பார்த்தார். உண்டு என்றால் படம் தப்பு. படம் தப்பென்றால் எனக்கு வரவிருந்த பதவி உயர்வும் தப்பு.

“படத்தில் இருப்பதுதான் சார் இருக்கிறது” என்றேன்.

விடியற்காலையில் வெட்டினார்கள். தெரு முழுவதும் போயிற்று. செல்லத்தாயின் உடலைக் கருவேல மரத்திலிருந்து எடுத்தார்கள். அங்கே மரம் இருப்பதை நான் காட்டியிருந்தேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

இப்போது படத்தைத் திருத்தச் சொல்கிறார்கள். போன வாரம் பலகையோடு நேரிலேயே போனேன். நின்று பார்த்தேன். வீடு ஒன்றும் இல்லை.

திருத்த ஏதுமில்லை.