ஏழில் ஒரு பகடை குறைகிறது

உருளைக்கிழங்கு வறுவலை மேசையில் வைக்கக் கூடாது என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருகிறேன். எண்ணெய்க் கை பட்டால் பகடை வழுக்கும், வரைபடம் கறையாகும். அதனால்தான் வறுவல் கிண்ணம் எனக்குப் பின்னால், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் இருக்கிறது. போன சனிக்கிழமை நீ அதை எடுக்க எழுந்து வந்தாய், வெஸ்லி. வந்த வழியில் என் மறைப்பு அட்டைக்கு இந்தப் பக்கம் உன் கண் போயிற்று. பூதத்துக்காக நான் உருட்டிய இருபது முகப் பகடையில் இருபது. என் வாயில் ஏழு. நான் போட்ட விதியே என் காலை வாரிவிட்டது, அவ்வளவுதான்.

உட்கார். மற்றவர்கள் வர இன்னும் நேரம் இருக்கிறது. பூட்ஸில் இருந்த பனியைக்கூடத் தட்டாமல் நீ இந்த நிலவறைக்குப் படியிறங்கி வந்தபோதே எதற்கு வந்திருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. பீர் வேண்டுமா? வேண்டாமென்றால் சரி.

ஆமாம், மாற்றித்தான் சொன்னேன். இருபது என்று சொல்லியிருந்தால் பூதத் தலைவனின் கோடரி நோரீனுடைய வீராங்கனையை இரண்டாகப் பிளந்திருக்கும். நம் கதை விளையாட்டில் இத்தனை வருஷமாக அவள் ஊட்டி வளர்த்த பாத்திரம். போய்விட்டால் நோரீனும் மெல்ல நின்றுவிடுவாள். அவள் நின்றால் கார்ல் நிற்பான். கார்ல் நின்றால் நீ குழந்தை, குடும்பம் என்று ஏதாவது சொல்வாய். ஒரு பிளாஸ்டிக் துண்டு தப்பாகப் புரண்டதற்காக நான் இந்த மேசையையே இழக்க வேண்டுமா?

போன வாரம் மட்டுமில்லை. எப்போதுமே அப்படித்தான். கதையை நடத்துகிறவனுக்கு மட்டும் ஏன் மறைப்பு அட்டை வைத்துக்கொள்ள அனுமதி என்று நீங்கள் யாராவது ஒருநாளாவது யோசித்தீர்களா? பகடைக்கு மூளை கிடையாது. மூளை உள்ள ஒருவன் அதன் பின்னால் உட்கார வேண்டும். உங்களை நம்பி விட முடியாது. கார்லையே எடுத்துக்கொள். பல் மருத்துவம் படித்தவன். நம் ஷெபாய்கன் ஊரில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பல் அவன் கையில்தான். அவன் தன் பகடைகளை எல்லாம் இருபது மேலே தெரியும்படி அலமாரியில் அடுக்கி வைத்து 'பழக்குகிறான்'. சொன்ன பேச்சுக் கேட்காத பகடையை ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி, 'ஜெயில்' என்று மேலே எழுதி வைத்திருக்கிறான். ஒருமுறை நான் தெரியாமல் அவனுடைய பகடையைத் தொட்டுவிட்டேன். "அய்யோ, அதிர்ஷ்டம் போச்சு, கையக் கழுவிட்டு வாடா" என்று அலறினான். இந்தக் கூட்டத்திடம் நான் உண்மை எண்ணைச் சொல்ல வேண்டுமாம்.

பைரன் விஷயத்தை நீ கேட்பாய் என்று தெரியும். அது வேறு, இது வேறு. பைரன் தனக்காக ஏமாற்றினான். பகடை நிற்பதற்குள் லபக்கென்று எடுத்துவிட்டு "பதினெட்டு" என்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நான் மூன்று வாரம் பேசாமல் பார்த்தேன். பிறகு எல்லோர் முன்னாலும் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கைய எடுக்காத பைரன், நாங்களும் கொஞ்சம் பாக்கறோம்" என்றேன். கீழே இரண்டு. ஆளுக்கு நாற்பத்தைந்து வயசு, தேவாலயத்தில் பாட்டுக் குழு நடத்துகிறவன், காது வரை சிவந்துவிட்டான். மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், கேட்டான். அதற்குப் பிறகும் போகச் சொன்னேன். படியில் நின்று அவன் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும்.

"என் கையப் புடிச்சிட்டே, ஹால்வர். அந்த அட்டைக்குப் பின்னால என்ன விழுதுன்னு எவன் பாத்தான்?"

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நோரீன்தான் அதிகம் சிரித்தாள். "ஹால்வரா? அவன் பொய் சொன்னா நடுக் குளிர்காலத்துல ஏரி உருகிடும்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் அதை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது.

அந்த நம்பிக்கையால்தானே நம் மேசைக்கு அந்தப் பழக்கமே வந்தது. பீட்சாவில் காளான் போடலாமா என்பதில் ஆரம்பித்தது. வாய்ச்சண்டை முற்றினால், "மேசையக் கேளு" என்பீர்கள். நான் இருபது முகப் பகடையை எடுத்து அட்டைக்குப் பின்னால் உருட்டுவேன். பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் செய், பத்தோ அதற்குக் கீழோ விழுந்தால் செய்யாதே. மேசை சொன்னால் மறுபேச்சு இல்லை. பிறகு கார்ல் படகு வாங்கலாமா என்று கேட்டான். நீ உன் மகளுக்கு உன் மாமியார் பெயரை வைக்கலாமா என்று கேட்டாய். 'வைக்காதே' என்று வந்தது, மாமியாரிடம் போய் "பகடை ஒத்துக்கல" என்று சொன்னாய். விவரம் தெரிந்த வயசுள்ள மனிதர்கள். வெளியே யாராவது கேட்டால் சிரிப்பார்கள். நீங்களோ சொந்த மூளையைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனீர்கள்.

உன் மகளுக்கு அன்று விழுந்தது என்ன என்று கேட்காதே. அந்தக் கிழவியின் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் போன குளிர்காலத்துக்கு வர வேண்டியிருக்கிறது. நீ அதைக் கேட்க வரவில்லை. பூதத்தின் கோடரியைப் பற்றிக் கேட்கத்தான் வந்தாய். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றை விடுவது எனக்குப் பிடிக்காது.

நோரீன் அன்று தன் தம்பி டுவைட்டைப் பற்றிச் சொன்னபோது நீயும் இதே நாற்காலியில்தான் இருந்தாய். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. டயாலிசிஸில் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இவளுடையது பொருந்துகிறது என்று சோதனையில் வந்துவிட்டது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அம்மாவை அடக்கம் செய்த அன்று, குடித்துவிட்டு வந்து, "நீ எங்க இருந்தே, இப்ப அழ வந்துட்டே" என்று கல்லறை வாசலிலேயே இவளைத் தடுத்து நிறுத்திய தம்பி. அதற்குப் பிறகு எட்டு வருஷம் பேச்சில்லை. பிறகு ஒரே ஒரு போன்.

"குடுக்கறேன்னு நெனச்சா வயிறு எரியுது. குடுக்கலன்னு நெனச்சா தூக்கம் வரல" என்றாள். "என்னால ஆகல, ஹால்வர். நீ உருட்டு. நான் பாக்கல. மேசை என்ன சொல்லுதோ அது."

கார்ல் உடனே, "இது பீட்சா இல்ல நோரீன்" என்றான். பகடைக்கு ஜெயில் கட்டியவன். அன்று அவனுக்குத்தான் கொஞ்சம் புத்தி இருந்தது.

"எனக்குத் தெரியும் அது பீட்சா இல்லன்னு. அதனாலதான் கேக்கறேன்."

நீயோ, வெஸ்லி, கூரையில் ஓடும் வெந்நீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று உனக்கு வறுவல் எடுக்க எழுந்திருக்கத் தோன்றவில்லை.

நீலப் பகடையை உருட்டினேன். என் அப்பா வாங்கிக் கொடுத்த ஏழு பகடைத் தொகுதியில் இருந்த இருபது முகம். அட்டையில் முட்டி, பென்சிலில் இடித்து நின்றது. "நாலு" என்றேன்.

பதினேழு விழுந்திருந்தது.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதே. நான் காரணம் இல்லாமல் ஒன்றும் செய்கிறவன் இல்லை. அறுவை சிகிச்சை பிப்ரவரியில் என்றார்கள். பிறகு எத்தனை வாரம் படுக்கை, எத்தனை வாரம் படி ஏறக் கூடாது. இங்கே வருவதற்கு அந்தப் படியைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த வசந்தத்தில்தான் வடக்குக் கோட்டை முற்றுகை. இத்தனை வருஷக் கதையும் முடிச்சுக்கு வரும் இடம். கோட்டைக் கதவின் சாவி யாரிடம் இருந்தது? நோரீனுடைய வீராங்கனையிடம். அவள் இல்லாமல் அதை எப்படி நடத்துவது என்று நீயே சொல். யாருக்காக இதெல்லாம்? அக்காவைக் கல்லறை வாசலில் நிற்க வைத்த ஒரு குடிகாரனுக்காக. நான் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். உருளும் நேரத்துக்குள் பார்த்துவிட்டேன், அவ்வளவு தெளிவாக இருந்தது.

அவள் மனசிலும் 'வேண்டாம்' என்றுதான் இருந்தது. எனக்கு முகம் படிக்கத் தெரியும். "நாலா? நல்லாப் பாத்தியா?" என்று இரண்டு தடவை கேட்டாள்தான். அது சும்மா, உறுதி செய்துகொள்ள. அவளுடைய காரின் பின் இருக்கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்ததையும் நான் பார்த்தேன். மேலே வீட்டுச் செருப்பு, மடித்த துவாலை, ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்தது மாதிரி. பெண்கள் எதற்கும் தயாராக இருப்பார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மேலே என் சமையலறையில் இருந்துதான் டுவைட்டுக்குப் போன் செய்தாள். திங்கள் வரைகூடக் காத்திருக்கவில்லை. கீழே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, யார் முறை?" என்றாள். அன்று போல அவள் ஆடி நான் பார்த்ததே இல்லை. அகழியைத் தாண்டி, காவலர்களைத் தனி ஒருத்தியாக வெட்டிச் சாய்த்தாள். நீங்களே எழுந்து நின்று கை தட்டினீர்கள். முற்றுகையும் நடந்தது. இந்த மாநிலத்திலேயே அப்படி ஒரு முற்றுகையை யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

டுவைட் நவம்பரில் மான் வேட்டைக் காலம் தொடங்கும் வரைகூடத் தாங்கவில்லை. வேறு சிறுநீரகத்துக்காக வரிசையில் இருந்தான், வரிசை நகரவில்லை. அடக்கத்துக்கு முந்தின நாள் நோரீன் வந்து அந்த நீலப் பகடையைக் கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். "அவன் கோட்டுப் பையில வெக்கணும். முடிவு நான் பண்ணலன்னு அவனுக்குத் தெரியணும்" என்றாள். கொடுத்தேன். இன்றைக்கும் என் தொகுதி ஏழில் ஒன்று குறைந்துதான் கிடக்கிறது. அந்த நீலத்தில் இப்போது செய்வதில்லை. மற்றவர்களுக்காக நான் இழந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, விடு.

இப்போது நீ கேட்கலாம், போன வாரம் அவளுடைய வீராங்கனையை ஏன் காப்பாற்றினேன் என்று. அந்த அடக்கத்துக்குப் பிறகு அவளுக்கு மிஞ்சியது இந்தச் சனிக்கிழமை ஒன்றுதான். அதையும் பிடுங்கச் சொல்கிறாயா? அந்தப் பாத்திரம் செத்தால் அவள் அழுவாள், வெஸ்லி. நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை. ஒவ்வொரு வாரமும் அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் சூடு ஆறாமல் துணியில் சுற்றிக் கொண்டுவருகிறாள். படியில் என்னைக் கட்டிக்கொண்டு, "நீ மட்டும் அன்னிக்கு உருட்டலன்னா நான் பைத்தியமாயிருப்பேன்" என்கிறாள். நன்றி சொல்கிறாள். தப்பு செய்தவனுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

எனக்கு அவள்மேல் ஏதோ என்று நினைக்காதே. அது பைரன் மாதிரிச் சில்லறை மனிதர்கள் கண்டுபிடிக்கிற காரணம். மேசையில் நாலு பேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு பேர் இல்லாவிட்டால் சனிக்கிழமை மத்தியானம் இந்த வீட்டில் வெந்நீர்க் குழாய்ச் சத்தம் மட்டும்தான் கேட்கும். நான் கேட்டிருக்கிறேன். சகிக்காது.

கேட்கிறதா? உப்புத் தூவிய பனியில் டயர் நறநறக்கும் சத்தம். நோரீன்தான். எப்போதும் முதலில் வருகிறவள், இன்று நீ முந்திக்கொண்டாய். இன்னும் அந்தச் சின்னப் பெட்டி காரின் பின்னால்தான் கிடக்கிறது, கவனித்தாயா? எடுத்து வைக்க மறந்துவிட்டாள் போல.

நீ கதவையே பார்க்கிறாய். அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று உனக்குள் புரள்கிறது. சொன்னால் அவள் அந்தக் கல்லறையைத் தோண்டிப் பகடையை எடுப்பதா, தானே உள்ளே போவதா என்று தெரியாமல் நிற்பாள். சொல்லாவிட்டால் அவள் என்னைக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் நீ வெந்நீர்க் குழாயைப் பார்க்க வேண்டியிருக்கும். கஷ்டம்தான். உன் இடத்தில் யார் இருந்தாலும் முடிவு செய்யத் திணறுவார்கள்.

அதற்குத்தானே மேசை இருக்கிறது. உன் பகடையையே கொடு, எனக்கு ஆட்சேபம் இல்லை. பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் சொல், பத்தோ அதற்குக் கீழோ விழுந்தால் வாயைத் திறக்காதே. நீ அந்தப் பக்கமே உட்கார்ந்திரு, நான் அட்டைக்குப் பின்னால் உருட்டுகிறேன். பயப்படாதே வெஸ்லி, இந்த மேசையில் ஏமாற்றிய ஒரே ஆளை நான் என்றைக்கோ வெளியே அனுப்பிவிட்டேன்.