இனிமே ‘டி’ அடிச்சா அழியும்

எண்ணூர் சாலையில் இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்க, எங்கள் பஸ்ஸும் நின்றது. முன் சீட்டில் கன்டெய்னர் யார்டு அடையாள அட்டையோடு இரண்டு பேர்.

“இனிமே நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எந்த புரோகிராம்ல ‘டி’ அடிச்சாலும் அழிஞ்சிடும் மாமு,” என்றான் சன்னலோரம் இருந்தவன்.

“இன்னாடா சொல்ற? காப்பி எடுக்கிற புரோகிராம்ல ‘டி’ போட்டுத்தானே டேட்டாபேஸ் பேரு குடுப்போம்?” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

“காப்பியைத் திருப்பி ஏத்துற புரோகிராம்ல ‘டி’ போட்டா பழசை அழிக்கும். ரெண்டும் வேற வேறயா கீது, ஒரே பேஜாரு. அதான் ஒண்ணாக்கிட்டேன். பேருக்கு இனிமே ‘என்’ அடிக்கணும்.”

“அப்ப காப்பி எடுக்கசொல்ல ‘டி’ அடிச்சா?”

“பழைய காப்பிங்க எல்லாத்தையும் அழிக்கும்.”

“நம்ம ஆபீஸ்ல காப்பி எடுக்கிற செல்வி தெனமும் ‘டி’ தானே அடிக்குது. அதுகிட்ட சொன்னியா?”

“நாளைக்கு சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

பக்கத்திலிருந்தவன் செல்போனை எடுத்துச் செல்விக்கு அடித்தான். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

“கடைசி வண்டி யார்டு கேட்டுக்குள்ள பூந்ததும் அது காப்பி எடுத்துட்டு வூட்டுக்குப் பூடும். இன்னிக்கு எத்தினி வண்டி பாக்கி?”

“ஒண்ணுதான்.”

இருவரும் எழுந்து எதிர் வரிசையை எட்டிப் பார்த்தார்கள்.

“அந்த நீல வண்டி நம்ம யார்டுக்குத்தானே?”

“ஆமா மாமு. நகருது.”