நாலாம் பாகத்தில் ஒரு மோட்டார்

"நாலாம் பாகம் வந்தா, பாதி ஆட்டத்துல டிவி மங்கணும்க்கா."

பாலக்கோடு பஸ்ஸில் என் முன்சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும், நாற்பதை நெருங்கியவர்கள். சிறு வயதில் டிவியில் ஆடிய விண்கப்பல் சண்டை விளையாட்டு மூன்று பாகங்களோடு நின்றுவிட்டதாம். நான்காவதை இவர்களே பேச்சில் செய்துகொண்டிருந்தார்கள்.

"புதுக் கப்பலு வேணும், ரெண்டு பேரும் ஜோடியா சுடணும், எல்லாஞ் சரி. டிவி ஏன்டா மங்கணும்?"

"மறந்துட்டியா? கடைசி ராட்சசக் கப்பலு வந்து நிக்கும். அப்பப் பாத்து அப்பா கெணத்து மோட்டாரப் போடுவாரு. வோல்டேஜ் எறங்கி டிவி மங்கி அணைஞ்சிரும். மறுபடி மொதல்லருந்து."

"ஒருக்கா கூட ஜெயிக்கல. நீ கத்துற கத்துல வூடே அதிரும்."

"அப்பா காரியம் முடிஞ்ச வாரம், மூணாம் பாகத்த போன்ல எறக்கி ஆடுனேன்க்கா. அந்தக் கப்பலு வந்ததும் கை தன்னால நின்னு போச்சு. மோட்டார் சத்தம் வருமான்னு."

"அப்புறம்?"

"ஒண்ணுமே ஆவல. ஜெயிச்சுட்டேன்க்கா."

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

"மங்கட்டும்டா."