இடது பக்கம் வெட்டிய கம்பளம்

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற ரோடு. மாசி மாசத்து வெயில்… ஆள் கிடையாது, மாடு கிடையாது, ஒரு காக்காய்கூடக் கிடையாது. அந்த ரோட்டில் ஒரு கறுப்புக் கார் தானாக நின்றது.

சிரிக்க வேண்டாம். பேய் என்றால் ராத்திரிதான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோமே… பஸ் அச்சு முறிந்து, நடு ரோட்டில், ஒரே ஒரு அரிக்கேன் விளக்கைச் சுற்றி… இங்கே ஒன்றும் வராது, பயப்படாதீர்கள். விடிகிற வரைக்கும் வண்டி நகராது என்று கிளீனர் சொல்லிவிட்டான். கதை கேட்டீர்கள், சொல்கிறேன். நடுவில் யாராவது தொணதொணத்தால் நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

அப்துல் ஹமீது என்று எனக்கு ஒரு தோஸ்த். அவனுடைய அக்கா புருஷன் கலீமுல்லாவுக்கு நடந்தது இது. ஆம்பூரில் ஜட்கா வண்டிக்கு மெத்தை தைப்பார், குதிரைக்குச் சேணம் தைப்பார். நாள் முழுக்கத் தோலோடுதான் பிழைப்பு.

அதே ஊரில் கோதண்டராமன் என்று ஒரு தோல் மண்டி முதலாளி. அவருடையதுதான் அந்தக் கார். அந்தோணி என்று ஒரு டிரைவர் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஐப்பசியில் பாலாற்றில் தண்ணீர் வந்தது. எப்போதும் வெறும் மணல்தானே, அதில் இறங்கி ஓட்டிப் பழக்கம். அன்றைக்கு அந்தோணி கரையிலேயே பிரேக்கை மிதித்துவிட்டான்.

"வேணாம் மொதலாளி… தண்ணி ஏறுது."

முதலாளிக்கு அக்கரையில் அவசர ஜோலி. "கால எட்றா" என்று கத்தினார். எடுத்தான். நடு ஆற்றில் வண்டி சாய்ந்தது. முதலாளி இடது பக்கத்துக் கதவு வழியாகக் குதித்துப் பிழைத்தார். தண்ணீர் வடிந்த பிறகு மாடு கட்டிக் காரை இழுத்தார்கள். அந்தோணி உள்ளேயே இருந்தான். வலது கால் பிரேக் பெடலை மிதித்தபடி… விறைத்துப்போய்… நாலு பேர் சேர்ந்துதான் அந்தக் காலை எடுத்தார்களாம்.

அந்தோணியைப் புதைத்தார்கள். காரை ரிப்பேர் செய்தார்கள். இஞ்சின் ஓடியது, விளக்கு எரிந்தது, சாமுவேல் என்று புது டிரைவரும் வந்துவிட்டான். ஆனால் தரையில் போட்டிருந்த கம்பளம் அழுகி நாறியது. முதலாளி கலீமுல்லாவைக் கூப்பிட்டார்.

"பாய், பழசப் பிச்சிப் போட்டுட்டு புதுசு போட்டுக் குடு. கூலி இன்னா சொல்ற?"

"கூலி வேணாம் மொதலாளி. எங்க வூட்ல மாசமா இருக்குது. வலி கண்டா வேலூர் ஆஸ்பத்திரி வரிக்கும் வண்டி குடுத்தீங்கன்னா போதும்."

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவர் பெண்டாட்டி ஜஹீதாவுக்கு அதற்கு முன்பு ஒரு பிள்ளை, மாட்டு வண்டியில் வேலூர் போகிற வழியிலேயே செத்துப் பிறந்தது. இரண்டாவதையும் அப்படி வாரிக் கொடுக்க அவரால் முடியாது. முதலாளி சரி என்றார்.

வேலை ஆரம்பித்தது. வாலாஜாவில் நெய்த நல்ல சிவப்புக் கம்பளம் வாங்கி வந்தார்கள். முன் சீட்டுக்குக் கீழே போடுகிற துண்டு முக்கியம். வலது பக்கம், டிரைவர் காலடியில், பெடல்கள் தலையை நீட்ட மூன்று ஓட்டை வெட்ட வேண்டும். பழைய கம்பளத்தை அச்சாக வைத்து வெட்டினால் ஆயிற்று.

இங்கேதான் தப்பு நடந்தது. தோல் வேலைக்காரன் ஒருநாளும் தோலின் நல்ல முகத்தில் கோடு போட மாட்டான். குப்புறப் போட்டு, சதைப் பக்கத்தில்தான் கோடு. கலீமுல்லா கைப்பழக்கத்தில் புதுக் கம்பளத்தைக் குப்புறப் போட்டார். அப்படியென்றால் அச்சையும் குப்புறப் போட வேண்டும். அவர் அதை மல்லாக்கப் போட்டுவிட்டார். சேணத்துக்கும் மெத்தைக்கும் இடதும் வலதும் ஒரே மாதிரிதான், யோசித்தே பழக்கமில்லை. வெட்டித் திருப்பினால்… மூன்று ஓட்டையும் இடது பக்கத்தில். முதலாளி உட்கார்கிற பக்கத்தில்.

கம்பளத்தை வீணடித்தது தெரிந்தால் முதலாளி காரைத் தருவாரா? யாரிடமும் மூச்சு விடவில்லை. வெட்டிய துண்டுகளையே திரும்ப ஓட்டையில் பொருத்தி, வச்சிரம் காய்ச்சி ஒட்டி, மெழுகு நூலால் பின்பக்கமாகத் தைத்தார். வலது பக்கம் புதிதாக மூன்று ஓட்டை போட்டார். முதலாளி வந்து பார்த்து, "பேஷ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் முதலாளி முன் சீட்டில் உட்கார்வதை விட்டுவிட்டார். கால் மரத்துப்போகிறது என்று சொல்லிப் பின்னால் போய்விட்டார். வயசாகிறது, ரத்தம் ஓடவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். கலீமுல்லாவும் அப்படித்தான் நினைத்தார்.

மாசியில் ஜஹீதாவுக்கு வலி வந்தது. ராத்திரி முழுக்க வலி. பக்கத்து வீட்டு எல்லம்மா ஊரில் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள், அவளே பயந்துவிட்டாள். "கொயந்த குறுக்க நிக்குது. இது என் கையில ஆவாது. சீக்கிரம் வேலூருக்குப் போங்க" என்றாள். முதலாளி சொன்ன வார்த்தை தவறவில்லை, காரை அனுப்பினார். பின் சீட்டில் ஜஹீதா, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு எல்லம்மா. சாமுவேல் ஓட்டினான். கலீமுல்லா முன்னால் ஏறினார்… இடது பக்கம்.

மாதனூர் தாண்டுகிற வரைக்கும் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு வாடை. வண்டல் வாடை. ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது அடிக்குமே, அது. வெளியே பாலாறு காய்ந்து மணலாகக் கிடக்கிறது… உள்ளே ஈர வாடை. கலீமுல்லாவின் பாதம் சில்லிட்டது. பிறகு சில்லிப்பும் தெரியவில்லை. பாதம், கணுக்கால், கெண்டைக்கால்… ஒவ்வொன்றாக இல்லாமல் போயிற்று.

டப்.

காலடியில் ஒரு நூல் அறுந்தது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. டப்… இன்னொன்று. மெழுகு நூல், குதிரை இழுத்தாலும் தாங்குகிற நூல்.

கார் மெதுவாயிற்று. நின்றது.

"இன்னாடா சாமுவேலு?"

"நான் மெரிக்கல பாய்… பாருங்க, என் காலு ரெண்டும் மேலதான் கீது."

கலீமுல்லா எட்டிப் பார்த்தார். சாமுவேலின் இரண்டு காலும் சீட்டோரமாக மடங்கியிருந்தன. பிரேக் பெடல் மட்டும் அடிமட்டத்துக்கு அமுங்கியிருந்தது. யாரும் தொடாமல். சாமுவேல் குனிந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். வரவில்லை. இஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை.

பின்னால் ஜஹீதா அலறினாள். "ஏங்க… எடுக்கச் சொல்லுங்க… வண்டிய எடுக்கச் சொல்லுங்க…" எல்லம்மா அவள் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள்.

அப்போதுதான் தன் காலடியைக் குனிந்து பார்த்தார். இருட்டாக இருந்தது. அந்த வெயிலில் அவ்வளவு இருட்டு இருக்க நியாயமில்லை. அவருடைய வலது கால் கம்பளத்தில் அமுங்கியிருந்தது… தைத்த இடத்தில். கீழே கட்டைப் பலகை, கால் இறங்க வழியே இல்லை. ஆனாலும் இறங்கியிருந்தது. தூக்கப் பார்த்தார். தன் கால்தான், ஆனால் சொன்ன பேச்சு கேட்கவில்லை. முழங்காலைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

"அந்தோணி… அப்பா… கால எடுப்பா" என்றார். "என் புள்ளப்பா… ஒனக்கு நான் ஒண்ணும் பண்ணலியே…"

தண்ணீர் சலசலப்பு மட்டும் கேட்டது. மிக லேசாக… வண்டிக்குள்ளேயே.

தோல் வெட்டுகிற கத்தி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். உருவினார். தைத்த துண்டுகளை வெட்டி வெளியே எறிந்துவிட்டால் போதும் என்று நினைத்தார். குனிந்து, கண் தெரியாமல், கையால் தடவி, கத்தியை வைத்து இழுத்தார். கம்பளம் கரகரவென்று அறுந்தது. அப்புறம் கரகரப்பு நின்றது. கத்தி வழுக்கிக்கொண்டு போயிற்று.

அது என்ன என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோல். பதமிடாத பச்சைத் தோல்… தண்ணீரில் நெடுநேரம் ஊறினது. என் காலையே வெட்டிக்கொண்டேன் என்று நினைத்தார். வலிக்கவில்லை. கால்தான் மரத்துப்போயிருக்கிறதே. பரவாயில்லை, போகட்டும் என்று இன்னும் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார்.

டக்கென்று பிரேக் பெடல் மேலே வந்தது. வண்டி பாய்ந்தது. சாமுவேல் அதற்குப் பிறகு வேலூர் வரைக்கும் எங்கேயும் நிறுத்தவில்லை. கலீமுல்லா ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜஹீதாவை உள்ளே தூக்கிப் போனார்கள். வராண்டாவில் உட்கார்ந்த பிறகுதான் காலைப் பார்க்கத் துணிச்சல் வந்தது. இரண்டு காலையும் நீட்டிப் பார்த்தார்.

ஒரு கீறல் இல்லை. செருப்பு, வேட்டி விளிம்பு, எல்லாம் காய்ந்து கிடந்தது. கத்தியை எடுத்துப் பார்த்தார். ரத்தம் இல்லை. முனையில் கொஞ்சம் வண்டல் ஒட்டியிருந்தது… ஈரமாக.

அப்படியே உட்கார்ந்திருந்தார். பயம் வரவில்லை, அழுகை வரவில்லை. சாமுவேல் டீ வாங்கிக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். கொதிக்கிற டம்ளர். சூடு தெரியவில்லை என்று ஹமீதிடம் பிற்பாடு சொன்னாராம்.

பொழுது சாய்ந்தபோது ஜெபராணி என்கிற நர்ஸ் வெளியே வந்தாள். கையில் துணிச்சுருள். ஆண் குழந்தை, தாயும் சுகம், பயமில்லை என்றாள். கலீமுல்லா தலையை ஆட்டினார். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை.

நர்ஸ் போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கிட்ட வந்தாள்.

"பாய், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. எங்க கத்தி கித்தி ஒண்ணும் புள்ள மேல படல. வயித்துலேர்ந்து எடுக்கும்போதே இது இருந்துச்சி…"

துணியை விலக்கினாள். குழந்தையின் வலது புறங்காலில், குறுக்கே, இரண்டு கோடு. இரண்டும் ஒரே சாய்வு. கலீமுல்லா நாள் முழுக்கப் பார்க்கிற சாய்வு, அவர் கைக்கத்தி விழுகிற சாய்வு.

"காயம்னா நானே மருந்து போட்டிருப்பேன். ஆனா இது காயமில்ல பாய்" என்றாள். "தழும்பு. ஆறி எவ்ளோ வருசமாச்சோ தெரியல."

உள்ளேயிருந்து ஜஹீதா, பிள்ளையைக் கொடுங்கள் என்று கூப்பிட்டாள். கலீமுல்லா துணியை இழுத்து அந்தக் காலை மூடினார்.