இரண்டு போல்ட்டு

மெக்கானிக் அப்துல் கையூம் பாய் கொடுத்த ஸ்டார்ட்டர் மோட்டார் நல்ல மோட்டார், சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வேறொரு பழைய மோட்டாரைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பிக் காயில் கட்டி, துடைத்து, துணியில் சுற்றிக் கொடுத்தார். கெட்டுப்போன ஸ்டார்ட்டரால்தான் கார் தானாகப் பாய்ந்து தன் அண்ணனைச் சுவரோடு நசுக்கியது என்று என் கொழுந்தன் ரொனால்டு புகார் கொடுத்திருக்கிறான். அதை நம்பி நேற்றிலிருந்து பாயை இந்த ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் மனைவி சைதூன் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.  அதனால்தான் காந்திகிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தேன்.

நான் வியாகுலம்மாள். இறந்துபோன பாஸ்கல் வாத்தியாரின் மனைவி. அவரைப் பற்றித் தவறாக எதுவும் எழுத வேண்டாம். குடிக்க மாட்டார். என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டதில்லை. பிரியம் வைத்தால் கண்மூடித்தனமாக வைப்பார். அந்த மோரிஸ் மைனர் காரின் மேல் அப்படி வைத்தார்.

எங்கள் கல்யாணத்தைவிட வயதான கார் அது. வாங்கிய மறு வருடமே, தொண்ணூற்றிரண்டில், ஸ்டார்ட்டர் போய்விட்டது. வண்டிக்கு முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றலாம்தான், ஆனால் அவருக்குத் தோள் வலி. அதனால் நான் தள்ளினேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் டிக்கியில் ஊன்றித் தள்ள வேண்டும். கிளம்பிய வண்டியை நிறுத்த மாட்டார், ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும். தெருவில் யாராவது பார்த்துவிட்டால், "நம்ம வண்டிக்கு ஸ்டார்ட்டர் வீட்லயே இருக்கு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

தொண்ணூற்று நான்கில் எனக்கு ஐந்தாம் மாதம். மகள் ஐரின் பிறந்து பன்னிரண்டு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. வடமதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ரயில்வே கேட்டில் வண்டி அணைந்துவிட்டது. உச்சி வெயில்.

"செத்த நேரந்தான் வியாகுலம், இறக்கம் வந்துரும்" என்றார்.

இறக்கம் வரவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கலைந்தது ஆண் பிள்ளை என்று சொன்னார்கள். தள்ளியதால்தான் என்று சொல்ல முடியாது, வேறு காரணமும் இருக்கலாம் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் தேம்பித் தேம்பி அழுதார், சார். அது நடிப்பு இல்லை. இருபது நாள் கழித்துப் பூசைக்குப் போக மறுபடியும் தள்ளினேன்.

அன்றைக்குத்தான் வாய் திறந்து கேட்டேன். ஸ்டார்ட்டரை மாற்றிவிடலாமே என்று.

"அந்தக் காலத்து வண்டிக்குச் சாமான் கெடைக்காது. கெடைச்சாலும் எஞ்சினையே எறக்கணும். அம்புட்டு பெரிய வேலை" என்றார்.

படித்தவர் சொல்கிறாரே என்று நம்பினேன். ஒன்பது வருடம் நம்பினேன்.

இந்த வருடம் ஐரின் பிரசவத்துக்கு வந்தாள். ஏழாம் மாதம். ஒருநாள் நான் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றாள். "ஐரினும் ஒரு கை குடுத்தா சட்டுனு கெளம்பிரும்" என்றார் அவர். விளையாட்டாகத்தான் சொன்னார்.  அதன்பிறகு அவர் சாவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஐரினை ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே அனுப்புவேன். சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசியில் மருமகன் ஜெரின் வந்த அன்று நான் தள்ளுவதைப் பார்த்துவிட்டு, "மாமா, ஒரு ஸ்டார்ட்டர் வாங்கிப் போட்ருங்க. பாக்க எனக்கே வெக்கமா இருக்கு" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மறுநாளே இவர் பாயிடம் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை. ஐரினும் ஜெரினும் செக்கப்புக்குப் போயிருந்தார்கள். வழக்கமாகத் தள்ளுவதற்குத் தோதாக வண்டியை வாசலைப் பார்த்து நிறுத்துவார். அன்று மதில் சுவரைப் பார்த்து நிழலில் நிறுத்தினார். இனி ரிவர்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்ற தெம்பு. நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றினார். மேலே ஒரு போல்ட்டு, கீழே ஒரு போல்ட்டு. பழையது கையோடு வந்துவிட்டது. பாய் கொடுத்ததை அதே இடத்தில் வைத்து, அதே இரண்டு போல்ட்டை முடுக்கி, ஒயரை மாட்டினார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"இம்புட்டுதானா?" என்று கேட்டேன்.

"இம்புட்டுதான். ரெண்டு போல்ட்டு."

"எஞ்சினையே எறக்கணும்னு சொன்னீங்களே."

"அப்படியா சொன்னேன்?" என்றார். அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். அந்தக் காரில் சாவியைப் போட்டுவிட்டு, டேஷ்போர்டில் இருக்கும் ஒரு குமிழை இழுக்க வேண்டும். இழுத்தேன். எஞ்சின் உடனே பிடித்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பானெட்டை மூடிவிட்டு, காருக்கும் சுவருக்கும் நடுவில் நின்று கையைத் துடைத்துக்கொண்டார். "அணைச்சுட்டு இன்னொரு தடவ இழு, சத்தத்தக் கேப்போம்" என்றார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று எல்லாரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் பதினோரு வருடம் பின்கண்ணாடி வழியாக அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டேதான் தள்ளினேன். அது கை பிரேக்கை எப்படி இறக்கும், கியரை எப்படிப் போடும் என்று தெரியும். எஞ்சினை அணைத்தேன். பிரேக்கை இறக்கினேன். கியரைப் போட்டேன். குமிழை இழுத்தேன்.

இனி யாரும் தள்ள வேண்டியதே இல்லையே, பிறகு ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். ஐரினுக்காகச் செய்தேன் என்று எழுதுங்கள், சார். பெற்ற தாய் வேறு எதற்காகச் செய்வாள்?

இன்னும் ஒன்று இருக்கிறது. வண்டி சுவரில் முட்டி அணைந்தபோது அவருக்கு உயிர் இருந்தது. உடனே வண்டியை விலக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அருளப்பன் ஓடிவந்தபோது, பயத்தில் எனக்குக் கால் வரவில்லை என்று சொன்னேன். பொய். கால் நன்றாகத்தான் இருந்தது. ஆள் வருமுன்பே இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"வியாகுலம், வண்டியச் செத்த பின்னால தள்ளு" என்றார். மறுபடியும் கேட்டார்.

பதினோரு வருடத்தில் தள்ள மாட்டேன் என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மூன்றாவது தடவை அவர் கேட்டபோது சொன்னேன்.